கறாரக்காவின் முதல் மீன்

"ஏறுங்க தம்பி."

"மாட்டேன் அண்ணி."

"ஒரு காலை மட்டும் வச்சுப் பாருங்களேன்."

"ஒரு காலை வச்சா இன்னொரு கால் சும்மா இருக்குமா? அதுவும் பின்னாடியே வரும். அப்புறம் ரெண்டும் சேர்ந்து தண்ணிக்குள்ள போகும். எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க அண்ணி."

படகுத்துறையின் மரமேடையில் கொழுந்தன், நட்டுவைத்த கம்பம் போல நின்றான். இருபது வருஷமாக அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறவன். அலை ஆளுயரம் எழும்பியபோது அசராமல் பீடி பற்றவைத்தவன் என்று அவனைப் பற்றி அவனே சொல்லிக்கொள்வதுண்டு. அப்பேர்ப்பட்டவன், இடுப்பளவுத் தண்ணீரில் கட்டிக் கிடந்த ஒரு சின்ன நீலப் படகைப் பார்த்துப் பின்வாங்கினான்.

"நேத்துதான் வாங்கினேன். அருமையான படகு."

"நேத்து நீங்க அப்படிச் சொல்லலையே!"

அங்கேதான் இருந்தது சிக்கல்.

மீன் சந்தையில் எல்லோருக்கும் அவள் கறாரக்கா. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் அவளுடைய கணவர்கூட வெளியில் அவளை அப்படித்தான் சொல்வார். வீட்டுக்குள் என்ன சொல்வார் என்று தெரியாது, அங்கே அவருக்குப் பேச வாய்ப்புக் கிடைப்பதில்லை.

கறாரக்காவின் தொழில் ரகசியம் ஒன்றுதான். வாங்கும்போது குறை சொல்ல வேண்டும், அதுவும் ஊருக்கே கேட்கும்படி. ஏலத்தில் துள்ளிக்கொண்டிருக்கும் மீனைப் பார்த்து, "ஐயோ பாவம், இது செத்து எத்தனை நாளாச்சு?" என்று கேட்பாள். பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். மீனுக்கே கொஞ்சம் சந்தேகம் வரும். விலை இறங்கும். அதே மீன் அவள் கடைக் கல்லுக்கு வந்து, நிஜமாகவே செத்து, பாதி நாளும் கழிந்த பிறகு, "இப்பதாங்க கண்ணை மூடிச்சு. தட்டி எழுப்பினா எழுந்துக்கும்" என்பாள். விலை ஏறும். இப்படியே ஒன்பது வருஷத்தில் ஒரு படகு வாங்கும் அளவுக்குச் சேர்த்துவிட்டாள். சின்னப் படகு. ரொம்பச் சின்னப் படகு.

படகு ஆசை திடீரென்று வந்ததல்ல, ஆனால் அவசரம் திடீரென்று வந்தது. போன மாதம் ஏலக்காரரோடு பெரிய சண்டை. நல்ல மீனெல்லாம் ஓட்டல்காரர்களுக்குப் போய்விடுகிறது, கடைசிக் கூடைதான் தனக்கு வருகிறது என்று கேட்கப் போனவள், பேச்சு முற்றியதில் சந்தை நடுவே நின்று சபதம் போட்டுவிட்டாள்.

"கேட்டுக்கோங்க! வர்ற ஒண்ணாம் தேதியிலிருந்து சொந்தப் படகு, சொந்த மீன், சொந்த விலை! இனிமே உங்க ஏலத்துல நான் வந்து நின்னா, என் தராசைத் தூக்கித் தண்ணியில போட்டுடறேன்."

ஏலக்காரர் சிரித்தார். "ஒண்ணாம் தேதி வரட்டும் கறாரக்கா. ரெண்டாம் தேதி உனக்கு முன்வரிசையில இடம் போட்டு வைக்கிறேன்."

அந்தச் சிரிப்பு அவளுக்கு உறைத்துவிட்டது. படகு இல்லாமல் போனால் மறுபடியும் அந்த மனிதர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கையில் இருந்த பணத்துக்கு மூன்று படகுகள் பார்த்தாள். முதல் படகில் இயந்திரம் இருந்தது. விலையைக் கேட்டதும் கணவர், "சரி, கிளம்பலாமா?" என்றார். இரண்டாவது படகு விலை குறைவுதான், ஆனால் அது ஒருவர் கொல்லையில் கிடந்தது. உள்ளே ஆறு கோழிகள் குடியிருந்தன. அடியில் இருந்த ஓட்டை வழியாகத்தான் அவை போய் வந்துகொண்டிருந்தன. மூன்றாவது படகு நல்ல படகு. ஆனால் அண்ணன் தம்பி சொத்துத் தகராறில் முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி தம்பிக்கு. அண்ணன் விற்கத் தயார், தம்பி மாட்டேன் என்றான். "முன்பாதியை மட்டும் வாங்கி நான் என்ன, வாசல்ல செடி வைக்கவா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

நான்காவதாக வந்ததுதான் இந்த நீலப் படகு. கழிமுகத்தின் எதிர்க்கரையிலிருந்து ஒருவர் அதை இன்னொரு படகின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தார். ஒல்லியான மனிதர். தோளில் ஒரு துண்டு, கண்ணில் எப்போதும் ஈரம். இங்கே யாருக்கும் அவர் பேர் தெரியாததால் அக்கரைக்காரர் என்றே அழைத்தார்கள்.

படகைப் பார்த்ததுமே கறாரக்காவுக்குப் பிடித்துவிட்டது. பலகை திடமாக இருந்தது. வண்ணம் புதிது. இரண்டு துடுப்பும் ஒரே அளவு. ஆகவே அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"என்னங்க இது, அடிப்பலகை உளுத்துப் போயிருக்கு?"

அக்கரைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விலை இறங்கியது.

"ஆணியெல்லாம் துரு! கையை வச்சா கையோட வருது!" அவள் கையை வைக்கவே இல்லை. விலை மறுபடி இறங்கியது.

பலகைக்கும் பலகைக்கும் நடுவில் தண்ணீர் கசியும் என்றாள். உட்காரும் கட்டை நடுவில் விண்டிருக்கிறது என்றாள். புது வண்ணம் பழைய பாவத்தை மறைக்கப் பூசியது என்றாள். இப்படி மொத்தம் ஏழு குறை. ஏழாவது குறையைச் சொன்னபோது கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். அக்கரைக்காரர் துண்டை முகத்தில் வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். விலை அவள் கைக்கு எட்டியது.

பக்கத்தில் துறை எழுத்தர் பதிவேட்டோடு நின்றுகொண்டிருந்தார். போன மாதம் மாற்றலாகி வந்த சாதுவான மனிதர். எதைப் பேசுவதானாலும் முதலில் தொண்டையைச் செருமிக்கொள்வார். அவர் செருமி முடிப்பதற்குள் கறாரக்கா நாலு வாக்கியம் பேசி முடித்துவிடுவாள்.

"அம்மா, இந்தப் படகைப் பத்தி..." என்று அவர் தொடங்கினார்.

"சார், பேரம் நடக்கும்போது குறுக்க பேசக் கூடாது. நீங்க எழுதுங்க, பேச்சை நான் பாத்துக்கறேன்."

எழுத்தர் எழுதினார். துறையின் விதியை மட்டும் சத்தமாகப் படித்தார். படகு கைமாறினால், அந்தப் படகில் வந்த முதல் மீனை இங்கே எடை போட்டுப் பதிவேட்டில் எழுதும் வரைக்கும் வியாபாரம் முடிந்ததாகாது. அதுவரை விற்றவர் பணத்தைக் கொடுத்துப் படகைத் திருப்பி வாங்கலாம். வாங்கியவர் படகைக் கொடுத்துப் பணத்தைத் திருப்பி வாங்கலாம். முதல் மீன் எழுதியாகிவிட்டால், அப்புறம் தலைகீழாக நின்றாலும் திருப்ப முடியாது.

"யாரு திருப்பப் போறா?" என்று கறாரக்கா சிரித்தாள்.

அது நேற்று. இன்று ஒண்ணாம் தேதி, கொழுந்தன் ஏற மாட்டேன் என்கிறான்.

"தம்பி, அதெல்லாம் விலையைக் குறைக்கச் சொன்னது. ஒண்ணுகூட நிஜமில்ல."

"அப்ப நேத்து சொன்னது பொய்யா?"

"ஆமா."

"இப்ப சொல்றது?"

"இது நிஜம்."

"அது எப்படி அண்ணி எனக்குத் தெரியும்? ரெண்டும் ஒரே வாய்தானே?"

கறாரக்கா அசருகிற ஆளா? படகுகள் பழுதுபார்க்கும் தச்சரைக் கூட்டி வந்தாள். பெரியவர், அனுபவஸ்தர். அவர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் கொழுந்தன் என்ன, ஊரே ஏறும்.

தச்சர் படகைச் சுற்றி வந்தார். தட்டினார். காதை வைத்துக் கேட்டார். பையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்து அடிப்பலகையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"என்னங்க அது?"

"உளுத்துப் போயிருக்குன்னு சொன்னீங்களே, அந்த இடம்."

"நான் சும்மா சொன்னேங்க!"

"நீங்களா? முப்பது அடி தள்ளி நின்னே மீனு எந்தக் கிழமை செத்துச்சுன்னு சொல்றவங்க நீங்க. நீங்க சும்மா சொல்வீங்களா?" தச்சர் அடுத்த குறி போட்டார். "எனக்கே முதல்ல தெரியலை. நீங்க சொன்னப்புறம் தட்டிப் பாத்தா சத்தம் வேற மாதிரிதான் கேக்குது."

ஏழு குறைக்கு ஏழு பெருக்கல் குறி. எட்டாவதாக ஒன்று போட்டார். அது எதற்கு என்று கேட்டதற்கு, "இது நானா கண்டுபிடிச்சது. ஒண்ணாவது நான் கண்டுபிடிக்கலைன்னா என்னை யாரு மதிப்பா?" என்றார். பழுதுபார்க்கும் கூலியாக அவர் சொன்ன தொகையில் இன்னொரு படகு வாங்கலாம். கோழிகளையும் சேர்த்து.

தச்சர் போன பிறகு படகு முன்பைவிட மோசமாகத் தெரிந்தது. நேற்று வரை குறைகள் காற்றில்தான் இருந்தன. இப்போது வெள்ளை வெளேரென்று எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தன. மேடையில் வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு ஆட்களிடம் இரட்டைக் கூலி தருகிறேன், ஏறுங்கள் என்றாள். ஒருவன் குறிகளை எண்ணினான். மற்றவன், "கூலியை யாருகிட்டக்கா கொடுப்பீங்க, எங்களுக்கா, எங்க பொண்டாட்டிங்களுக்கா?" என்று கேட்டான்.

கறாரக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சரி. நானே ஏறி உக்காந்து காட்டறேன். சாயங்காலம் வரைக்கும் உக்காருவேன். அப்பவாவது நம்புவீங்களா?"

"நம்பறேன் அண்ணி," என்றான் கொழுந்தன், பத்தடி தள்ளி நின்று.

சாயங்காலம் வரை சும்மா உட்கார்ந்திருந்தால் வியாபாரம் என்ன ஆகும்? நேற்றைய கடைசி ஏலத்தில் எடுத்த மீன் கூடை, தராசு, கத்தி, தண்ணீர் வாளி எல்லாவற்றையும் படகுக்குள் வைத்துக்கொண்டாள். கயிற்றைக் கொழுந்தனைக் கட்டச் சொன்னாள். அவன் படகுக்குப் பக்கத்தில் வரப் பயந்து, குப்புறப் படுத்து, கையை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு முடிச்சுப் போட்டான். அந்த முடிச்சைப் பார்த்திருந்தால் அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அழுதிருப்பார்.

வியாபாரம் அமோகமாக நடந்தது. முழுகுகிறாளா என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் வெறுங்கையோடு நிற்கக் கூச்சப்பட்டு ஒவ்வொரு மீனாக வாங்கினார்கள். பத்து மணிக்குள் கூடையில் மிஞ்சியது ஒரே ஒரு மடவை மீன். அதையும் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் பணம் கொடுத்து வாங்கி, "செதில் எடுத்துக் கொடுத்துடுங்க" என்றார்.

கறாரக்கா ஒரு பக்கம் செதிலைச் சுத்தமாக எடுத்து முடித்தாள். மறுபக்கம் திருப்ப மீனைத் தூக்கியபோது, டீச்சர் கொஞ்சம் தூரமாகத் தெரிந்தார். அப்புறம் இன்னும் கொஞ்சம் தூரமாகத் தெரிந்தார்.

"என் மீனு!" என்று கத்தினார் டீச்சர்.

முடிச்சு அவிழ்ந்து, கயிறு தண்ணீரில் பாம்பு மாதிரி நெளிந்துகொண்டு வந்தது. படகு அசைந்து அசைந்து துறையை விட்டு விலகியது.

கரையில் ஒரே கூச்சல். கொழுந்தன் தலையில் கைவைத்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றவர் ஏலக்காரர்.

"கறாரக்கா! கயிறு வீசட்டுமா? கூச்சப்படாம சொல்லு!"

அவர் கையில் கயிறு இருந்தது. முகத்தில் அதே சிரிப்பு. உதவி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், படகு லாயக்கில்லை என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். சொல்லுவாளா கறாரக்கா?

"எதுக்குக் கயிறு? நான் வெள்ளோட்டம் பாக்கறேன்!" என்று கத்திவிட்டு ஒரு துடுப்பை எடுத்தாள்.

துடுப்பை அவள் இதுவரை விலை கேட்கத்தான் தொட்டிருக்கிறாள். இடது பக்கம் போட்டாள். படகு வலது பக்கமாகத் திரும்பியது. சரி, பழக்கமில்லை, அப்படித்தான் இருக்கும் என்று வலது பக்கம் போட்டாள். படகு இன்னும் கொஞ்சம் வலது பக்கமாகத் திரும்பியது. போடாமல் இருந்தாள். அப்போதும் அது மரியாதையாக வலது பக்கமே திரும்பி, ஒரு முழு வட்டம் அடித்து, கரையில் இருந்தவர்களுக்கு அவள் முகத்தையும் முதுகையும் மாற்றி மாற்றிக் காட்டியது.

"என்ன அண்ணி, சுத்துறீங்க?" என்று கொழுந்தன் அலறினான்.

"எல்லாப் பக்கமும் காட்ட வேண்டாமா? மீனைத் திருப்பிக் காட்டாம விப்பனா நான்? நல்லாப் பாத்துக்கோங்க! எங்கயாவது ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வந்திருக்கா?"

வரவில்லை. அது உண்மை. படகு மூன்று வட்டம் அடித்தும் உள்ளே ஒரு சொட்டு இல்லை. சுண்ணக்கட்டிக் குறிகள்கூட அழியாமல் காய்ந்து கிடந்தன. கறாரக்காவுக்கு உற்சாகம் பொங்கியது. ஒன்பது வருஷமாகச் சொந்தப் படகில் நிற்பதைப் பற்றி அவள் கண்ட கனவில் வட்டம் இல்லைதான், ஆனால் மற்றதெல்லாம் இருந்தது. காற்று இருந்தது. காலுக்குக் கீழே அவளுடைய பலகை இருந்தது. ஏலக்காரர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாருங்க எப்படிப் போகுதுன்னு! பஞ்சு மாதிரி மிதக்குது! பலகை ஒண்ணொண்ணும் இரும்பு! இந்த விலைக்கு இப்படி ஒரு படகு எந்தத் துறையிலயும் கிடைக்காது!"

அந்தச் சத்தம், ஊர் முழுக்கக் கேட்டதுபோலவே, தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கரைக்காரர் காதிலும் விழுந்தது. அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். கண்ணில் இன்று ஈரம் இல்லை.

"என்ன சொன்னீங்க? எந்தத் துறையிலயும் கிடைக்காதா?"

கறாரக்கா வாயை மூடினாள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

"பஞ்சு மாதிரி மிதக்குதா? பலகை இரும்பா?" அக்கரைக்காரர் மார்பில் அடித்துக்கொண்டார். "ஐயோ, ஏமாந்துட்டேனே! அழ அழ அடிமாட்டு விலைக்குக் கொடுத்துட்டேனே! எழுத்தர் ஐயா, விதி என்ன? முதல் மீன் இன்னும் எழுதலை இல்ல? என் படகை எனக்குத் திருப்பிக் கொடுங்க. இந்தாங்க பணம்!"

ஏலக்காரர் மெதுவாகக் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார், இனி அது தேவைப்படாது என்கிற மாதிரி.

"நாளைக்கு முன்வரிசை கறாரக்கா!" என்றார்.

படகு மோசம் என்று சொன்னால் கொழுந்தன் ஏற மாட்டான். நல்லது என்று சொன்னால் அக்கரைக்காரர் விட மாட்டார். இரண்டுக்கும் நடுவில் அவள் வட்டமடித்துக்கொண்டிருந்தாள். இப்போதைக்கு அவளைக் காப்பாற்றக்கூடியது ஒன்றுதான். ஒரு மீன். இந்தப் படகிலிருந்து, இப்போதே, ஒரே ஒரு மீன்.

வலை இல்லை. தூண்டில் இல்லை. கூடையில் டீச்சருடைய மடவை இருந்தது. அதுவும் பாதி மொட்டை.

படகு அடுத்த வட்டத்தில் அவள் முதுகைக் கரைக்குக் காட்டியபோது, கறாரக்கா குனிந்தாள். வட்டம் முடிந்து முகம் தெரிந்தபோது அவள் கை முழங்கை வரை தண்ணீருக்குள் இருந்தது.

"அடேயப்பா!" என்று ஒரு கூச்சல் போட்டாள். "விடாதே, விடாதே! வந்துடுச்சு!"

மீனை வாலைப் பிடித்துத் தூக்கினாள். செத்த மீனைத் துள்ள வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. மணிக்கட்டை அவள் ஒரு சொடுக்குச் சொடுக்கினால், கல்லில் கிடக்கும் மீன் எழுந்து சலாம் போடும். மடவை அந்தரத்தில் துள்ளியது, நெளிந்தது, தண்ணீரை வாரி இறைத்தது. செதில் இருந்த பக்கம் வெயிலில் பளபளத்தது.

"முதல் மீன்!" என்று கத்தினாள்.

கரை அதிர்ந்தது. வெறுங்கையால் மீன் பிடித்தவளை அந்தத் துறை அதுவரை கண்டதில்லை. வலை பின்னுகிறவர்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். அலை கொஞ்சம் கருணை காட்டி, படகைச் சுற்றிச் சுற்றியே துறைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தது. கொழுந்தன் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தான்.

கறாரக்கா இறங்கி நேரே எழுத்தரின் மேசைக்குப் போனாள். மீனைத் தராசுத் தட்டில், பார்த்து, செதில் பக்கம் மேலே இருக்கும்படி வைத்தாள்.

"எழுதுங்க சார்."

எழுத்தர் தொண்டையைச் செருமினார். "அம்மா, நான் ஒண்ணு..."

"முதல்ல எழுதுங்க, அப்புறம் பேசலாம்."

எழுத்தர் முறைப்படி வேலை செய்கிற மனிதர். எடை பார்த்தார். பிறகு, இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்று எந்த விதி சொல்கிறதோ, மீனைத் திருப்பிப் போட்டார்.

மொழுமொழுவென்று, சவரம் செய்த கன்னம் மாதிரி, மறுபக்கம் தெரிந்தது.

ஏலக்காரர் எட்டிப் பார்த்தார். கொழுந்தன் எட்டிப் பார்த்தான். டீச்சர் கூட்டத்துக்குள் புகுந்து வந்து, விரலை நீட்டி, வகுப்பறைக் குரலில் சொன்னார்:

"அது என் மீனு. பத்து நிமிஷத்துக்கு முன்னாடி பணம் கொடுத்து வாங்கினேன்."

கறாரக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒன்பது வருஷமும் அந்த மொட்டைப் பக்கத்தில் வழுக்கிக்கொண்டு போவது அவள் கண்ணுக்கே தெரிந்தது. மெதுவாக அக்கரைக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது.

அக்கரைக்காரர் மேசைக்குப் பக்கத்தில் வந்தார். மீனைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். மறுபடி மீனை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நம்ம தண்ணியில மடவை இப்பல்லாம் இப்படித்தாங்க வருது," என்றார். "பாறையில உரசிக்கிட்டே போகும். எழுதுங்க ஐயா."

"என்ன?" என்றார் ஏலக்காரர்.

"எழுதுங்கன்னேன். தோத்தது நான். நானே ஒத்துக்கிட்டேன், மத்தவங்களுக்கு என்ன? முத்திரையைக் குத்துங்க ஐயா, அக்கரைக்குப் போற படகு போயிடும்."

எழுத்தர் எழுதினார். முத்திரை விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் கறாரக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்யாக இல்லை, நிஜமாகவே. என்ன இருந்தாலும் பெரிய மனசு அந்த மனிதருக்கு என்று நினைத்தாள். ஒரு நன்றி சொல்லலாம் என்று திரும்பினாள். அதற்குள் அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, அக்கரைக்குப் போகும் பயணிகள் படகில், கிட்டத்தட்ட ஓடிப்போய் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சரம்மா, நாளைக்கு உங்களுக்கு ரெண்டு மீன். என் படகு மீன்!" என்று அறிவித்தாள் கறாரக்கா. பிறகு ஏலக்காரரிடம் திரும்பினாள். "என்ன, முன்வரிசையில யாராவது உக்காரணும்னா உக்கார வச்சுக்கோங்க. நான் வரலை."

ஏலக்காரர் கயிற்றோடு நடையைக் கட்டினார். அவர் முதுகைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பசித்தது. அந்தச் சண்டைக்கப்புறம் முதல்முறையாகப் பசித்தது.

"அண்ணி," என்றான் கொழுந்தன், நனைந்த வேட்டியோடு. "என்னை மன்னிச்சுடுங்க. சுத்தோ சுத்துன்னு சுத்தியும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரலை. இனி நான் சந்தேகப்பட்டா கேளுங்க. ஒரு ஓட்டம் போயிட்டு வரட்டுமா?"

"போயிட்டு வாங்க தம்பி. ஆனா என்னை மாதிரி விளையாடாதீங்க. நேரா முகத்துவாரம் வரைக்கும் போயிட்டு, நேரா வாங்க."

கொழுந்தன் குதித்து ஏறினான். இரண்டு துடுப்பையும் மாட்டினான். இருபது வருஷக் கையல்லவா, ஒரே இழுப்பில் படகு துறையை விட்டுச் சீறிக்கொண்டு கிளம்பியது. கறாரக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, தன் படகு போவதைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் யாரையும் பேச விடாமல் விரட்டிய பாவம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெற்றி பெற்றவர்களுக்கு வரும் தாராள மனசோடு எழுத்தரைப் பார்த்துத் திரும்பினாள்.

"சொல்லுங்க சார். நேத்துலேர்ந்து ஏதோ சொல்ல வந்துக்கிட்டே இருந்தீங்களே?"

எழுத்தர் தொண்டையைச் செருமினார். அவர் செருமி முடிப்பதற்குள் தண்ணீரிலிருந்து குரல் வந்தது.

"அண்ணீ! நேராத்தான் போடறேன்! அதுவா வலப்பக்கம் திரும்புது!"

"இடப்பக்கத் துடுப்பை நிறுத்துங்க!"

"நிறுத்திட்டேன்! அப்பவும் வலப்பக்கம்தான் போகுது!"

"அப்ப வலப்பக்கத்தை நிறுத்துங்க!"

"ரெண்டையும் நிறுத்திட்டேன் அண்ணீ!"

படகு ஒரு அழகான வட்டம் அடித்து, கொழுந்தனின் முகத்தையும் முதுகையும் மாற்றி மாற்றிக் காட்டியது. எழுத்தர் பதிவேட்டை மெதுவாக மூடி, பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"நான் இதுக்கு முன்னாடி அக்கரைத் துறையிலதாம்மா எழுத்தரா இருந்தேன். அங்க நாலு பேரு இந்தப் படகை வாங்கினாங்க, நாலு பேரும் மறுநாளே திருப்பிக் கொடுத்துட்டாங்க. முதல் மீன் வரைக்கும் போனது நீங்க ஒருத்தர்தான்."